கத்தியின் முதுகு

திருவள்ளூர் கடைத்தெருவை விட்டு நடந்துகொண்டிருந்தபோது என் தாடையிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று அமாவாசை. எதிரே வந்தவர்கள் எல்லாரும் கையில் பூவோடும், கரைப்பதற்கு வெல்லத்தோடும் கோயில் குளத்துக்குப் போகிறவர்கள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த நெரிசலில் அவ்வளவு வசதியாக நடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெட்டிய பொருள் என் பையில் இருந்தது. மடக்குச் சவரக்கத்தி. கறுப்புக் கொம்புப் பிடி, அதில் ஒரு பக்கம் விரிசல். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு குடையைக் கொடுத்து வாங்கினேன். பிடியை ஒட்டிய கத்தியின் காம்பில் பாதி தேய்ந்த ஆங்கில எழுத்துகள். ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஆங்கில எழுத்தையெல்லாம் லாரிகளின் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். சொலிங்கன். ஜெர்மனியில் ஓர் ஊர் என்று ஃபோன் சொன்னது.

அதன் பிறகு அந்த ஃபோனை நான் விடவில்லை. அப்போது அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துப் பக்கம் சாம்பல் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு லாரி போய் அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் கால் மணி நேரத்தில் சவரக்கத்தி செய்தவர்களின் கதையைப் படித்தேன். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊர்ப்பக்கம் ஒரு கடிகாரக்காரர் இருந்தார். தன் கடிகார வில்லுக்கு நல்ல உருக்கு கிடைக்காமல், மண் குடுவையில் உருக்கை முழுக்க உருக்கி வார்த்துப் பார்த்தார். சீரான, கடினமான உருக்கு வந்தது. உள்ளூர்க் கத்திக்காரர்கள் அடிக்கக் கஷ்டமாக இருக்கிறதென்று அதைத் தொடவே இல்லையாம். பிரான்ஸ்காரர்கள் வாங்கிப் போய்க் கத்தியாக்கி இவர்கள் ஊரிலேயே விற்கத் தொடங்கிய பிறகுதான் புத்தி வந்தது.

ஜெர்மனிக்காரர்கள் இன்னொரு படி போனார்கள். கத்தியை இரண்டு சாணைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டு, இரு பக்கமும் குழிவாகத் தேய்த்தார்கள். நகத்தால் தட்டினால் ஓசை எழும்பும் அளவுக்கு மெல்லிசு. பிரான்ஸில் ஒரு மலை ஊரில் சாணைக்காரர்கள் ஆற்றோரப் பட்டறையில் பலகைமேல் குப்புறப் படுத்து வேலை செய்தார்களாம். குளிருக்கு ஆளுக்கொரு நாய், கால்களின் மேல் படுத்துக்கொள்ளும். ஷெஃபீல்டில் சக்கரத்தின் தூசி நெஞ்சில் ஏறி இளம் வயதிலேயே செத்தவர்கள் நிறைய. சாம்பல் லாரியின் மேல் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு அது தூரத்துச் செய்தியாகப் படவில்லை. அடுத்த வாரம் வேலையை விட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். கோவில்பட்டியை விட்டுக் கிளம்பிப் பதினெட்டு வருஷம். சூரத், விஜயவாடா, ஓசூர் என்று எங்கு போனாலும் தூக்கினேன், பெருக்கினேன், கட்டினேன். ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து கைத்திறனால் செய்யும் வேலை ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. இந்தக் கத்தி அதை வாங்கிக் கொடுக்கும் என்று நம்பினேன். அதனால்தான் திருவள்ளூரில் டில்லிபாபுவின் சலூனுக்குள் நுழைந்தேன். அமாவாசையில் யார் முடி வெட்டுவார்கள்? கடை காலி. என் பேச்சைக் கேட்க அவருக்கு நேரம் இருந்தது.

கத்தியைக் காட்டி, இதை நானே தீட்டினேன், சவரம் செய்துகாட்டுகிறேன், வேலை கொடுங்கள் அண்ணாச்சி என்றேன். அண்ணாச்சி என்றதும் சிரித்துவிட்டார். முதலில் உன் முகத்திலேயே செய்துகாட்டு என்றார். செய்தேன். மூன்றாவது இழுப்பில் தாடை பிளந்தது.

"இன்னாபா இது, சவரக்கத்தியா, முட்டைக்கோசு அரியற கத்தியா?" என்று கேட்டுக்கொண்டே அவரே பஞ்சு வைத்து அழுத்தினார். பிறகு தன் கத்தியைக் காட்டினார். பாதியாக ஒடித்த பிளேடு மாட்டுகிற தகரப்பிடி. ஓர் ஆளுக்கு ஒரு பிளேடு, முடிந்ததும் குப்பைக்கு. நோய் எதுவும் ஒட்டாது, தீட்டவும் வேண்டாம். "உன் ஜெர்மனிகாரன வச்சிகினு நான் இன்னா பண்றது, சொல்லு" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். இருப்பதானால் இரு, முடி பெருக்கு என்றார். பெருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பிளாஸ்திரி மூன்று தெரு தள்ளி மருந்துக்கடையில் கிடைத்தது.

வேறு வேலை தேடிக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போக ஏறிய பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "பெண்டாட்டி அடித்திருப்பாள், இந்த மூஞ்சிக்கு நியாயந்தான்" என்றாள். மற்றவள், "அடித்தவள் பிளாஸ்திரியும் ஒட்டி அனுப்பியிருக்கிறாளே, நல்ல குடும்பம்" என்றாள். விஜயவாடாவில் இரண்டு வருஷம் இருந்தவனுக்கு இதுகூடவா புரியாது? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரியபாளையம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கினார், கீழே குனிந்து பார்த்தார், பீடி பற்ற வைத்தார். பீடி பற்ற வைத்தால் இரண்டு மணி நேரம் என்று அர்த்தம். வேலமரத்தடியில் ஒரு அம்மா அலுமினியப் பானையில் கேழ்வரகுக் கூழ் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் கம்பங்கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். இங்கே கேழ்வரகு, அதற்கு மாங்காய்த் துண்டும் வறுத்த கருவாடும். கூழுக்குள் கொஞ்சம் நொய்ச்சோறு கிடந்தது. எங்கள் ஊர்க் கூழ்தான் உசத்தி என்று எங்கும் சொல்கிறவன் நான். அன்று இரண்டாவது சொம்பு கேட்டேன்.

வயிறு நிறைந்ததும் கத்தியை எடுத்துச் சாய்வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. விளிம்பில் நான் தீட்டிய கீறல்கள் தெரிந்தன. ஆனால் கத்தியின் முதுகில், அந்தத் தடித்த பக்கத்தில், இரண்டு ஓரமும் பட்டையாகத் தேய்ந்து பளபளத்தன. முதுகு எதையும் வெட்டுவதில்லை. அது ஏன் தேயவேண்டும்?

கூழ்க்காரம்மாவிடம் ஒரு தட்டை வாங்கிக் கவிழ்த்து, அதன் மேல் கத்தியைப் படுக்க வைத்தேன். முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் தட்டில் உட்கார்ந்தன. நடுவில் குழிவு மட்டும் காற்றில். அவ்வளவுதான் விஷயம். எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கத்தியை முழுசாகக் கல்லில் படுக்கப்போட்டுத் தீட்டியிருக்கிறார்கள். எந்தச் சரிவில் தீட்டவேண்டும் என்பதைச் செய்தவனே முதுகின் தடிமனில் வைத்து அனுப்பிவிட்டான். நான் காய்கறிக் கத்தி போல முதுகைத் தூக்கிப் பிடித்து, என் இஷ்டத்துக்கு ஒரு சரிவைத் தேய்த்து வைத்திருக்கிறேன். டில்லிபாபு முட்டைக்கோசு என்றது சரியான தீர்ப்பு. வண்டி கிளம்பும்வரை நான் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. பைத்தியம் என்று நினைத்திருக்கலாம்.

கவரைப்பேட்டையில் டீக்கடைக்காரர் தங்க ஓர் இடம் காட்டினார். வரிசை வீடுகளில் ஓர் அறை, ஒடிசாக்காரர்கள் ஐந்து பேர், ஆறாவது பாய்க்கு இடம் இருந்தது. பக்கத்துப் பாய்க்காரர் பெயர் சுதாம். நாற்பது வயது இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு ஷெட்டில் கிரைண்டிங் மிஷின் ஓட்டுகிறார். தொழிற்சாலைகளின் வெட்டுக் கத்திகளுக்குச் சாணை பிடிக்கும் ஷெட். கேட்டதும் என் பை எனக்கே கனமாகத் தெரிந்தது.

மறுநாள் காலை கண்ணாடிக் கடையில் ஒரு கழிவுத் துண்டும், கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களின் கடையில் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் மூன்று விதமும் வாங்கினேன். பெல்ஜியத்தில் சவரக்கத்திக்கென்றே மஞ்சள் நிறக் கல் ஒன்று வெட்டி எடுப்பார்களாம், நிலத்தடியில் விரல்கடை அளவுக்குத்தான் ஓடுமாம். எனக்கு வாய்த்தது கண்ணாடிமேல் ஒட்டிய வாட்டர் பேப்பர். கத்தியைப் படுக்கப்போட்டு, தண்ணீர் விட்டு, நான் கெடுத்ததையெல்லாம் தேய்த்து எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. செய்தித்தாளை வெட்டிப் பார்த்தேன். சத்தமில்லாமல் போயிற்று. கன்னத்தில் வைத்தேன். பிடுங்கியது.

காகிதத்தில் ஓடுவது கன்னத்தில் ஏன் பிடுங்குகிறது? கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே வழுக்கவிட்டேன். ஒரு பக்கம் வழுக்கியது. மறுபக்கம் தோலில் மெல்ல மாட்டியது. பிசிறு. தேய்த்த உருக்கு விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சருகாக மடிந்து தொங்குகிறது. அதை எடுக்கத்தான் சவரக்காரர்கள் கத்தியைத் தோல்வாரில் இழுப்பது. என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தேன். முதல் இழுப்பு நன்றாக வந்தது. திருப்பும்போது விளிம்புப் பக்கமாகத் திருப்பிவிட்டேன்; பெல்ட்டில் விரல் நீளத்துக்கு வெட்டு. முதுகின் மேல் உருட்டித் திருப்பவேண்டும் என்று அந்த வெட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கத்தியில் எல்லாக் கேள்விக்கும் முதுகில்தான் விடை இருந்தது.

மாலையில் சவரம் செய்துகொண்டேன். பிளாஸ்திரி இருந்த இடத்தைச் சுற்றிப்போய், மீதி முகம் முழுக்க. ஒரு கீறல் இல்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே அந்த வரிசை வீட்டு வாசலில் முன்னும் பின்னும் நடந்தேன். சுதாம் ஷிப்ட் முடிந்து வந்து என் கன்னத்தில் புறங்கையால் தடவிப் பார்த்தார். கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார். "தாடியை எடு. கழுத்தை எனக்கே விட்டுவிடு, ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார் ஹிந்தியில். முடிந்ததும் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, நாளை என்னோடு ஷெட்டுக்கு வா என்றார்.

ஷெட்டின் சிக்கலை ரயிலில் சொன்னார். ஸ்பாஞ்சைத் தாள்போல மெல்லியதாகச் சீவும் கத்தி, ஐந்தடி நீளம். செருப்புக்கும் பைக்கும் உள்ளே வைக்கிற ஸ்பாஞ்சு அது. சாணை பிடித்து அனுப்பிய கத்தியை அந்தக் கம்பெனி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. ஸ்பாஞ்சைக் கிழிக்கிறதாம். இன்று நான்கு மணிக்கு அவர்கள் ஆள் வந்து மூன்றாம் முறை பார்ப்பான். இதுவும் கிழித்தால் கத்திகள் எல்லாம் சென்னையில் வேறு கடைக்குப் போய்விடும். ஷெட்டில் இருக்கும் இரண்டு மிஷினில் ஒன்றை மூடுவார்கள். அந்த ஒன்று சுதாமுடையது.

ஷெட்டுக்கு முதலாளி கஸ்தூரி. ஐம்பது வயதுக்கு மேல், ஆரம்பாக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. பெரிய கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவர், பழைய மிஷின்கள் இரண்டை ஏலத்தில் எடுத்து இந்த ஷெட்டைத் தொடங்கியிருக்கிறார். பாதுகாப்புக் கண்ணாடியைக் கொண்டைமேல் ஏற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கத்தி தெரியும்ன்றே. மூஞ்சில பிளாஸ்திரி ஒட்டிகினு வந்துக்குறே. யாரு வெட்னது?"

"நான்தாங்க்கா."

"நல்லா கீது நைனா. அந்தக் கைய வச்சிகினு என் கத்தியத் தொடப்போறியா?"

சுதாம் சிரிக்காமல் தன் கன்னத்தைக் காட்டினார். கஸ்தூரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஐடிஐ சர்டிபிகேட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. எது வரைக்கும் படித்தாய்? ஏழு. கைவேலை மேசைக்கு ஆள் வேண்டும், ஆனால் படித்த ஆளாக வேண்டும் என்றார். தூக்கிவைக்கிற வேலை என்றால் நாளைக்கே வா என்றார். அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. நான் அசையாமல் நின்றேன்.

மேசைமேல் அந்தக் கத்தி கிடந்தது. மிஷின் வேலை சுத்தமாக இருந்தது. இரு பக்கமும் ஒரே சரிவு, கண்ணாடி போல. எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டேன். கஸ்தூரி ஒரு செய்தித்தாளை எடுத்து விளிம்பில் விட்டார். இரண்டாக விழுந்தது. "பாரு, எப்பிடிப் போவுதுன்னு. இங்க போற கத்தி அங்க மட்டும் பிச்சி வைக்குது. பேஜாரு புடிச்சது" என்றார். அந்தப் பக்கத்துச் சாணை ஷெட்டுகள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். சாணை முடிந்தால் காகிதம். காகிதம் போனால் கிரீஸ் தடவிப் பெட்டியில் அடைப்பு.

நான் கட்டைவிரலை வழுக்கவிட்டேன். ஒரு பக்கம் வழுக்கியது. மறுபக்கம் மாட்டியது. ஐந்தடி நீளத்துக்கும் மாட்டியது. தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி விளிம்பின்மேல் தொங்கவிட்டேன். முடி மடங்கியதே தவிர அறவில்லை. பையிலிருந்த சவரக்கத்தியை விரித்து அதே முடியைத் தொங்கவிட்டேன். பாதி முடி கீழே விழுந்தது.

"பேப்பர் பொய் சொல்லுங்க்கா. முடி சொல்லாது."

கஸ்தூரி தானும் ஒரு முடியைப் பிடுங்கினார். நரைமுடி. பெரிய கத்தியில் மடங்கியது, என் கத்தியில் அறுந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரிக்கும் டைமு. கத்தியக் கெடுத்தே, கவரப்பேட்ட வரிக்கும் தொரத்திகினு வருவேன்" என்றார்.

சவரக்கத்தியைத் தோலில் இழுக்கலாம். ஐந்தடிக் கத்தியை எதில் இழுப்பது? தோலைத்தான் கத்திமேல் இழுக்கவேண்டும். பெல்ட்டைக் கழற்றி இரண்டு துண்டாக வெட்டி ஒரு மரக்கட்டையில் ஆணி அடித்தேன். பேண்ட்டுக்குச் சணல் கயிறு. எவர்சில்வர் பாத்திரம் பாலீஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் பச்சைக் கட்டி ஷெட்டிலேயே இருந்தது. அதைத் தோலில் பூசினேன். முதல் இழுப்பிலேயே கட்டையைத் தூக்கிப் பிடித்துவிட்டேன். தோலில் கீறல். பதினெட்டு வருஷத்துக் கை, சொன்னால் உடனே கேட்காது. நிறுத்தி மூச்சு விட்டேன். இந்தக் கத்திக்கு முதுகு வழிகாட்டாது. மிஷின் போட்ட சரிவு இருக்கிறது. கட்டையை அந்தச் சரிவில் அசையாமல் உட்கார வைத்து, முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே தள்ளினேன். சரிவை நான் முடிவு செய்யவில்லை. போட்டவர் சுதாம். அவரை நம்பினேன்.

ஒரு பக்கம் முழுக்க முடித்ததும் சுதாமும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கத்தியைப் புரட்டினோம். பிசிறு இந்தப் பக்கம் வந்திருந்தது. மறுபடி தோல், மறுபடி புரட்டல். ஒவ்வொரு தடவையும் பிசிறு பக்கம் மாறியது. ஒவ்வொரு தடவையும் மெலிந்தது. நடுவில் கஸ்தூரி தன் டிபன் பாக்ஸிலிருந்து சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டுத் தட்டை நீட்டினார். நின்றுகொண்டே தின்றேன். புளி தூக்கல், காரம் அதைவிடத் தூக்கல். எங்கள் ஊரில் இதைக் குழம்பென்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வழித்துத் தின்றேன். மூன்றே கால் மணிக்கு விரல் எந்தப் பக்கமும் மாட்டவில்லை. முடியை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சாண் சாணாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். தலை முன்பக்கம் கொஞ்சம் காலியானதுதான் மிச்சம். எல்லா இடத்திலும் அறுந்தது.

கம்பெனி ஆள் கம்பெனி டீ-ஷர்ட்டில் ஸ்பாஞ்சுக் கட்டியோடு வந்தான். கத்தியைப் பிடியில் இறுக்கி, கட்டியை வைத்துத் தள்ளினான். தோசை போல ஒரு தாள் விழுந்தது. எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். வெளிச்சம் ஒரே சீராக வந்தது. கஸ்தூரி அடுத்த தாளுக்குக் காத்திருந்தார். போன இரண்டு தடவையும் முதல் தாள் நன்றாகத்தான் வந்ததாம்; நாலாவதில்தான் கிழியத் தொடங்குமாம்.

நாலாவது வந்தது. எட்டாவது வந்தது. கட்டி தீரும்வரை தள்ளினான். கடைசித் தாளை என்னிடமே கொடுத்தான். தாளுக்குப் பின்னால் வைத்த என் விரல் தெரிந்தது.

"இன்னா பண்ணீங்க மேடம் இந்தவாட்டி?"

கஸ்தூரி என் இடுப்பைக் காட்டினார். "அவரு பெல்ட்டப் போட்டுத் தேச்சாரு" என்றார். காலையில் நைனா என்றவர், மாலையில் அவரு என்றார். கம்பெனி ஆள் என் சணல் கயிற்றைப் பார்த்து, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு, பெட்டியில் மீதி இருக்கும் கத்திகளையும் நாளை அனுப்புவதாகச் சொல்லிப் போனான். சுதாம் மிஷினை அணைத்துவிட்டு அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டேன், இந்த முறை தாடையையும் சேர்த்து. பிளாஸ்திரி வரிசை வீட்டுக் குப்பைக்கூடையில் கிடந்தது. எட்டு மணிக்கு ஷெட்டில் கஸ்தூரி ஆள்பதிவு நோட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். பெயர், ஊர் எழுதினார். வேலை என்ற இடத்தில் பேனா நின்றது.

"ஹெல்ப்பர்னு போட்டுக்கவா?"

"வேணாங்க்கா."

ஆபரேட்டர் என்றும் போடமுடியாது. நான் எந்த மிஷினையும் ஓட்டவில்லை. கஸ்தூரி பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு அந்தக் கட்டத்தில் ஒரே சொல் எழுதினார்: தோல். கீழே கையெழுத்துப் போட்டேன்.

மேசைமேல் புதிதாக ஒரு முழத் தோல் இருந்தது. பக்கத்தில் ஓர் இடுப்பு பெல்ட். "இத வெட்டாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்து மேசை முன்னால் உட்கார்ந்தேன். சுதாம் முதல் கத்தியைக் கொண்டுவந்து வைத்தார்.